அலட்சியமா, மறதியா, கடமை தவறலா? ஆங்கிலச் சொற்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. கவனக்குறைவு, பொறுப்பின்மை, கடமையைச் செய்யாமல் விடுவது ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைத்தான் மூதூரிலிருந்து நிலாவெளி வரை பலர் கேட்டிருக்கிறார்கள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சர், நான் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். ஒரு கோப்பை உரிய திகதிக்குள் மேலிடத்துக்கு அனுப்ப முடியாமல் போய்விட்டது. அந்த வாரம் லீவில் நின்ற இன்னொருவருடைய வேலையும் என் மேசைக்கு வந்திருந்தது. இப்போது விளக்கம் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் தந்திருக்கிறார்கள். அதில் 'நெக்லிஜன்ட்' என்றும் இருக்கிறது, 'டெரலிக்ஷன் ஒஃப் டியூட்டி' என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா? பதிலில் நான் என்ன சொல்லைப் போட வேண்டும்?
– இளம் அலுவலர், மூதூர்

ஒன்றில்லை தம்பி. இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. அதை உங்களுக்குக் கடிதம் எழுதியவர் யோசித்தாரா என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் இந்தச் சொற்கள் தனிப்பட்ட கோப்பில் ஏறிவிட்டால் பதவி உயர்வு வரும்போதும் இடமாற்றம் வரும்போதும் யாரோ ஒருவர் அதைப் புரட்டிப் பார்ப்பார்.

கீழிருந்து வருவோம். 'கேர்லெஸ்' என்பது சாதாரணச் சொல். கூட்டலில் ஒரு பூச்சியம் விட்டுப்போனாலும் கேர்லெஸ், தேநீர்க் கோப்பை கைதவறி உடைந்தாலும் கேர்லெஸ். அங்கே கடமை என்ற ஒன்று இருக்க வேண்டிய அவசியமில்லை. 'நெக்லிஜன்ட்' என்று எழுதும்போது கடமை உள்ளே வந்துவிடுகிறது. உங்களுக்கென்று ஒரு பொறுப்பு இருந்தது, அந்த இடத்தில் நியாயமான ஒருவர் எடுத்திருக்கக்கூடிய கவனத்தை நீங்கள் எடுக்கவில்லை என்று அது சொல்கிறது. வேண்டுமென்றே செய்தீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் குற்றம் உங்கள் பக்கம் என்று சொல்கிறது.

இதற்குப் பக்கத்திலேயே 'ரெமிஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. கொஞ்சம் மரியாதையான கண்டிப்பு. செய்ய வேண்டியதைச் செய்யாமல் தளர விட்டுவிட்டீர்கள் என்ற பொருள். பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் நன்றியுரை சொல்பவர், அதிபருக்கு நன்றி சொல்லாவிட்டால் நான் 'ரெமிஸ்' ஆகிவிடுவேன் என்று ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தன்னைப் பற்றியே ஒருவர் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ளக்கூடிய அளவுக்கு மென்மையான சொல். உங்கள் மேலதிகாரி இதைப் போட்டிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

'டெரலிக்ஷன் ஒஃப் டியூட்டி' அப்படிப்பட்டதல்ல. அதன் வேர் இலத்தீனில் 'முற்றாகக் கைவிடுதல்'. திருகோணமலை போன்ற துறைமுக ஊர்க்காரருக்கு இது சுலபமாக விளங்கும். மாலுமிகள் திரும்பி வரும் எண்ணமே இல்லாமல் நடுக்கடலில் விட்டுவிட்டுப் போன கப்பலைக் கடற்சட்டத்தில் 'டெரலிக்ட்' என்பார்கள். கடமையை அப்படி விட்டுப்போனால்தான் டெரலிக்ஷன். படைகளில் அது பாரதூரமான சொல். அமெரிக்க இராணுவச் சட்டக் கோவையின் 92ஆம் பிரிவின் கீழ் அது தண்டனைக்குரிய குற்றம்.

நம்முடைய நாட்டில் இந்தச் சொல் எந்த அளவு விஷயத்தோடு சேர்ந்து பேசப்பட்டது என்று பாருங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தாக்குதல். முன்கூட்டியே உளவுத் தகவல் வந்திருந்தும் தடுக்க வேண்டியவர்கள் தடுக்கத் தவறினார்கள், அதனால் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தது. அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், பொலிஸ் மா அதிபராக இருந்தவர் 7.5 கோடி ரூபாவும், பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் 5 கோடி ரூபாவும் சொந்தப் பணத்தில் நட்டஈடு கட்ட வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தரத்து விஷயத்துக்கு உரிய சொல்லை, வேலை கூடியதால் பிந்திப்போன ஒரு கோப்புக்குப் போடுவது அநியாயம். அதை நான் நேரடியாகவே சொல்கிறேன்.

சரி, பதிலுக்கு வருவோம். பலர் உடனே 'ஓவர்சைட்' என்று எழுதிவிடுவார்கள். கண்ணில் படாமல் தவறிப்போனது என்பதுதான் அதன் பொருள். அதே சொல்லுக்கு மேற்பார்வை என்ற நேர் எதிர்ப் பொருளும் உண்டு. நாடாளுமன்றத்தில் துறைசார் மேற்பார்வைக் குழுக்களின் ஆங்கிலப் பெயரில் வருவது அதுதான். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோப்பு உங்கள் கண்ணில் படாமல் போகவில்லை, நேரம் போதாமல் போயிருக்கிறது. அப்படியென்றால் ஓவர்சைட் என்று எழுதாதீர்கள், அது உண்மையாகாது. 'டிலே' என்று எழுதுங்கள். 'ஐ ரிக்ரெட் த டிலே' என்று ஒரே வரியில் வருத்தத்தைச் சொல்லிவிட்டு, எந்தத் திகதியில் எந்த மேலதிக வேலை யாருடைய உத்தரவில் வந்தது, கோப்பு எந்தத் திகதியில் போய்ச் சேர்ந்தது என்பதை வரிசையாகப் போடுங்கள். மேலதிக வேலை தந்த கடிதம் இருந்தால் அதன் பிரதியை இணையுங்கள். 'நெக்லிஜன்ஸ்' என்ற சொல்லை உங்கள் கையால் எழுத வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் அவசரத்தில்கூட வேண்டாம். அதை எழுதினால் எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். கடமையைக் கைவிட்டதாகச் சொல்லும் குற்றச்சாட்டை மரியாதையோடு மறுக்கிறேன் என்று தனியாக ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். அனுப்ப முதல் தொழிற்சங்கத்தில் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

டீச்சர், 'ரெக்லெஸ்', 'ராஷ்', 'நெக்லிஜன்ட்' மூன்றையும் பத்திரிகையில் விபத்துச் செய்திகளில் மாறி மாறிப் போடுகிறார்களே, வித்தியாசம் என்ன?
– உயர்தர மாணவி, உப்புவெளி

நல்ல கேள்வி தங்கச்சி. நம்முடைய தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கொலை என்ற வகைக்குள் வராத, 'ராஷ்' அல்லது 'நெக்லிஜன்ட்' ஆன செயலால் ஒருவருக்கு மரணம் விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. அங்கே 'அல்லது' என்று இருப்பதைக் கவனியுங்கள். இரண்டும் வேறு என்பதால்தான் இரண்டையும் போட்டிருக்கிறார்கள்.

நிலாவெளி வீதியில் இரவு வேளை மாடுகள் நடுவீதியில் படுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு சாரதி ஃபோனைப் பார்த்துக்கொண்டு வந்து மாட்டைக் காணவே இல்லை என்றால் நெக்லிஜன்ட். பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. இன்னொருவர் மாடுகளைக் கண்டார், எதிரே ஓட்டோ வருவதையும் கண்டார், ஆனாலும் ஒன்றும் ஆகாது என்று முறுக்கிக்கொண்டு ஊடே புகுந்தார் என்றால் ராஷ், ரெக்லெஸ். ஆபத்தை அறிந்தும் துணிந்தது. பெரும்பாலான இடங்களில் இரண்டாவதுதான் பாரமான குற்றச்சாட்டு, அது சரியும்கூட என்று நினைக்கிறேன்.

எழுத்துக்கூட்டலில் ஒரு கவனம். கப்பல் உடைவதைக் குறிக்கும் 'ரெக்' என்ற சொல்லை நினைத்துக்கொண்டு முன்னால் டபிள்யூ போட்டுவிடுகிறார்கள். இந்தச் சொல்லில் இருப்பது வேறு 'ரெக்'. அக்கறைப்படுதல் என்ற பழைய ஆங்கில வினைச்சொல், ஆர் எழுத்தில் தொடங்குவது. அக்கறையே இல்லாதவர் ரெக்லெஸ். பரீட்சையில் இந்த ஓர் எழுத்துக்குப் புள்ளி போகும்.

மகனுடைய முன்னேற்ற அறிக்கையில் வகுப்பாசிரியை 'லாக்கடெய்சிகல்' என்று எழுதியிருக்கிறா. அகராதியைப் பார்த்தால் சோம்பேறி மாதிரி வருகிறது. பிள்ளை இரவிரவாக இருந்து படிக்கிறவன். போய்க் கேட்கட்டுமா டீச்சர்?
– ஒரு தாய், தம்பலகாமம்

போய்க் கேளுங்கள் அம்மா, ஆனால் சண்டைக்கு வேண்டாம். அந்தச் சொல் சோம்பேறி என்று நேரடியாகச் சொல்லவில்லை. உற்சாகமில்லாமல், மனம் ஒட்டாமல், ஏதோ ஒன்று என்று இருப்பவரைச் சொல்வது. பழைய ஆங்கிலத்தில் 'ஐயோ இந்த நாளே' என்று பெருமூச்சு விடும்போது 'லாக்கடே' என்பார்கள், அதிலிருந்து பிறந்த சொல் இது. ஆக, களைத்துப்போன ஒரு பிள்ளையைப் பார்த்தும் ஆசிரியை இதை எழுதியிருக்கலாம். இரவிரவாக இருந்து படிக்கிறவன் காலையில் வகுப்பில் எப்படி இருப்பான்? முதலில் அவனுடைய நித்திரையைக் கவனியுங்கள், பிறகு ஆசிரியையிடம் எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில் அப்படி இருக்கிறான் என்று கேளுங்கள்.

பிள்ளைகளின் வேலையைப் பற்றி எழுத இன்னும் சில சொற்கள் உண்டு. 'ஸ்லிப்ஷொட்' என்றால் ஒழுங்கில்லாத, தொளதொளத்த வேலை. குதிகால் இல்லாத தொளதொளத்த செருப்போடு இழுத்து இழுத்து நடப்பவரைக் குறித்த சொல் இப்படிப் பொருள் மாறியது. 'ஸ்லாப்டாஷ்' என்றால் அவசர அவசரமாக அடித்து முடித்தது. இந்த இரண்டும் வேலையைக் குறை சொல்கின்றன, லாக்கடெய்சிகல் ஆளின் மனநிலையைக் குறை சொல்கிறது. ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெற்றோர் அகராதி தேட வேண்டிய சொல்லை அறிக்கையில் எழுதாதீர்கள். 'வகுப்பில் கவனம் குறைகிறது' என்று தமிழில் எழுதினால் அந்தத் தாய்க்கு அன்றைக்கே விளங்கியிருக்கும்.

'டேர்ன் எ பிளைண்ட் ஐ' என்ற தொடர் நெல்சன் பிரபுவோடு சம்பந்தப்பட்டது, அவர் நம்முடைய துறைமுகத்துக்கும் வந்தவர் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? இதுவும் கடமை தவறலில் சேருமா?
– வாசகர், சீனன்குடா

இரண்டும் உண்மை. பிற்காலத்தில் பிரித்தானியக் கடற்படைத் தளபதியான நெல்சன் 1770களில், பதின்ம வயதுப் பையனாக, 'சீஹோர்ஸ்' என்ற கப்பலில் இந்தப் பக்கத்துக் கடல்களில் பணி செய்தபோது திருகோணமலைக்கும் வந்து போனவர். 1794இல் கோர்சிகா தீவில் நடந்த சண்டையில் வலது கண்ணின் பார்வை போனது. 1801இல் கோப்பன்ஹேகன் கடற்போரில், பின்வாங்கும்படி தலைமைத் தளபதி சமிக்ஞைக் கொடி ஏற்றியபோது, தொலைநோக்கியைப் பார்வையில்லாத கண்ணில் வைத்து, எனக்கு ஒரு சமிக்ஞையும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார் என்பது கதை. இந்தத் தொடரை எல்லோரும் அந்தச் சம்பவத்தோடு சேர்த்தே சொல்வார்கள்.

நம்மிடம் இதற்கு 'கண்டும் காணாமல் விடுதல்' என்று பச்சையாகவே இருக்கிறது. கடமை தவறலில் சேருமா என்று கேட்டால், என் கருத்தில் சேரும், அதுவும் மேல் படியில் சேரும். மறந்தவரை மன்னிக்கலாம், தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கடற்கரையில் இருந்து இரவில் மண் ஏற்றிப் போகும் டிப்பரைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்பவருக்கு எல்லாம் தெரியும். ஆங்கிலத்தில் அவரைப் பற்றி நெக்லிஜன்ட் என்று எழுதினால் அவரைக் காப்பாற்றி விடுவதாகிவிடும். 'வில்ஃபுல்' என்ற சொல்லை முன்னால் சேருங்கள், 'வில்ஃபுல் நெக்லெக்ட்'. தெரிந்தே செய்யாமல் விட்டது என்று பொருள். நெல்சன் அன்று வென்றுவிட்டதால் அந்தக் கதையை வீரக் கதையாகச் சொல்கிறார்கள், ஆனால் தொடர் இன்று வாழ்வது அந்த அர்த்தத்தில் இல்லை.

'நெக்லிஜன்ஸ்' வழக்குகளில் நத்தை நத்தை என்கிறார்களே, அது என்ன? என் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தில் பிழை நடந்தது என்று நாங்கள் நினைக்கிறோம். அதற்கும் இந்தச் சொல்லைத்தான் பாவிப்பதா?
– வாசகி, கிண்ணியா

உங்கள் அம்மா நலமாக வேண்டும் என்று முதலில் பிரார்த்திக்கிறேன்.

நத்தைக் கதை ஸ்கொட்லாந்தில் நடந்தது. 1928இல் பெய்ஸ்லி என்ற ஊரில் ஒரு கடையில் ஒரு பெண்ணுக்கு அவருடைய தோழி ஜிஞ்சர் பியர் வாங்கிக் கொடுத்தார். உள்ளே தெரியாத நிறப் போத்தல். பாதி குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று விழுந்தது என்பது அந்தப் பெண்ணின் முறைப்பாடு. காசு கொடுத்தவர் தோழி என்பதால் ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போட வழியில்லை. உற்பத்தி செய்தவருக்கு எதிராகப் போனார். 1932இல், அப்போது பிரித்தானியாவின் மேல் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, தன் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எவர் மீதும் ஒருவருக்குக் கவனக் கடமை உண்டு என்று முடிவு சொன்னது. 'டொனஹியூ எதிர் ஸ்டீவன்சன்' என்று சட்டம் படிக்கும் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே படிப்பது இதைத்தான். நம் நாட்டில் இப்படியான நட்டஈட்டு வழக்குகளின் அடித்தளம் உரோமன் டச்சுச் சட்டம் என்றாலும் அந்தத் தீர்ப்பின் சிந்தனை இங்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பிழை நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. கடமை இருந்தது, அது மீறப்பட்டது, அந்த மீறலால்தான் பாதிப்பு வந்தது, மூன்றையும் காட்ட வேண்டும். 2001இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு மருத்துவ வழக்கில், ஒரு சிறுபிள்ளையின் நோயைக் கண்டறிவதில் கவனயீனம் இருந்தது என்று ஏற்றுக்கொண்ட பிறகும், மரணம் அதனால்தான் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி நட்டஈட்டை மறுத்துவிட்டார்கள். அதனால் இப்போதைக்கு நெக்லிஜன்ஸ் என்று யாரிடமும் எழுதிக் கொடுக்காதீர்கள். மருந்துத்துண்டு, கிளினிக் கொப்பி, மருந்து வாங்கிய ரசீது, எந்த நேரம் என்ன நடந்தது என்ற குறிப்பு, எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். பிறகு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். சொல்லை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.

'லாக்ஸ்', 'ஸ்லாக்' இரண்டும் ஒன்றா? 'பெர்ஃபங்க்டரி' என்றால் என்ன?
– வாசகர், குச்சவெளி

ஏறக்குறைய ஒன்று. லாக்ஸ் பெரும்பாலும் விதி, காவல், கட்டுப்பாடு இவற்றோடு வரும். ஸ்லாக் ஆளோடும் வேலையோடும் வரும், தளர்ந்த கயிற்றுக்கும் அதே சொல்தான். பெர்ஃபங்க்டரி என்றால் நாம் சொல்லும் 'கடமைக்குச் செய்வது'. வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போனார்.

'நெக்லெக்ட்', 'நெக்லிஜன்ஸ்' வித்தியாசம் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கந்தளாய்

நெக்லிஜன்ஸ் ஒரு நொடியிலும் நடக்கலாம், ஐயா. நெக்லெக்ட் பெரும்பாலும் நாட்பட நடப்பது. பிள்ளையை, வயோதிபரை, வீதியை, குளத்தைக் கவனிக்காமல் விடுவது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியானதை உங்கள் ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கட்டில் ஒரு சிறு கசிவு கண்டால் உடனே சொல்ல வேண்டும், உடனே பார்க்க வேண்டும் என்று நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைத் தொடர்ந்து செய்யுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் வடிகான் மாதக்கணக்கில் அடைத்துக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு டெங்கு வந்துவிடும் என்று பயம். சபைக்கு ஆங்கிலத்தில் நல்ல காரமான முறைப்பாடு ஒன்று எழுத வேண்டும். 'டெரலிக்ஷன்', 'குரோஸ் நெக்லிஜன்ஸ்' (படுமோசமான கவனயீனம்) எல்லாம் போட்டால் எடுபடுமா டீச்சர்?
– ஒழுங்கைவாசிகள், மட்டிக்களி

முதலில் ஆங்கிலத்தை விடுங்கள். 1988இல் வந்த அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கியது. திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்துக்கோ சபைக்கோ தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போய்விட்டது, எனக்கு அது மனவருத்தம் தருகிறது. நான் ஆங்கிலம் கற்பிப்பவள், அதனாலேயே இதைச் சொல்கிறேன்.

அப்புறம் காரம். காரமான சொல்லைப் படிப்பவர் அந்தச் சொல்லுக்குத்தான் பதில் எழுதுவார், வடிகானுக்கு எழுத மாட்டார். எந்தத் திகதியில் யாரிடம் வாய்மொழியாகச் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது, எத்தனை வீடுகள், தண்ணீர் எங்கிருந்து எங்கே தேங்குகிறது, ஒரு புகைப்படம். இவ்வளவும் போதும். கொழும்பிலிருக்கும் யாருக்காவது ஆங்கிலத்திலும் அனுப்ப வேண்டியிருந்தால் 'ஃபெயில்ட் டு கிளீன்', அதாவது துப்புரவு செய்யத் தவறியது என்ற எளிய தொடர் போதும். அதை யாராலும் மறுக்க முடியாது. டெரலிக்ஷன் என்று எழுதினால் மறுக்க ஆயிரம் வழி இருக்கிறது.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தச் சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவுசெய்து அறிவிக்க வேண்டும். மூன்றே கேள்விகள் கேளுங்கள்: இந்த வடிகானைத் துப்புரவு செய்யும் பொறுப்பு எந்தப் பதவியில் இருப்பவருக்கு, கடைசியாக எப்போது செய்யப்பட்டது, இந்த வருடத்துக்கு அதற்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு. கடிதத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.